பாரம்பரியச் சின்னங்களுக்குப் புகைப்படப் போட்டி: பரிசுக்கு முன் பட்டியல் வேண்டும்

கெடா, புஜாங் பள்ளத்தாக்கிலிருந்த பழங்காலக் கோயில் ஒன்றின் அடித்தளம் 2013ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. அந்த இடம் பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் பதிவு பெறவில்லை என்பது அதன் பிறகே பலருக்குத் தெரிய வந்தது. அது எப்படி இருந்தது என்பதைப் பழைய படங்களும் ஆய்வுக் குறிப்புகளுமே இன்று சொல்கின்றன.

அழியுமுன் படமெடுத்து வைப்பது யார் பொறுப்பு? பொதுமக்களே செய்யலாம் என்று காட்டியது 'விக்கி லவ்ஸ் மானுமென்ட்ஸ்' போட்டி. 2010இல் நெதர்லாந்தில் தொடங்கிய இப்போட்டி, 2011இல் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பரவியது. அவ்வாண்டு சேர்ந்த 168,000க்கும் மேற்பட்ட படங்கள் கின்னஸ் சாதனையாயின.

இதனை ஒரு நாட்டில் நடத்த என்ன தேவை?

முதலாவது, பட்டியல். ஒவ்வொரு சின்னத்திற்கும் பெயர், இடம், அடையாள எண் ஆகியவை வேண்டும். எண் இல்லாத படம் அழகாக இருக்கலாம், ஆவணம் ஆகாது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் கீழுள்ள பதிவேட்டிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.

இரண்டாவது, தெளிவான விதிகள். படம் சொந்தமாக எடுத்ததாக இருக்க வேண்டும். என்றோ எடுத்ததாயினும் போட்டிக் காலத்தில் பதிவேற்றினால் போதும். எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்த அனுமதி தர வேண்டும். வழிபாட்டுத் தலத்தினுள் படமெடுக்க நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்பது முறை.

மூன்றாவது, நடுவர்கள். புகைப்படக் கலைஞரோடு வரலாறு அறிந்தவரும் அமர வேண்டும். தேர்வாகும் பத்துப் படங்கள் வரை அனைத்துலகச் சுற்றுக்குச் செல்லும்.

பட்டியல் தயாரிக்கும்போதுதான் விடுபட்டவை கண்ணில் படும். துண்டாடப்பட்ட தோட்டங்களில் நம் முன்னோர் எழுப்பிய கோயில்களும் தமிழ்ப்பள்ளிக் கட்டடங்களும் எத்தனை பதிவாகியுள்ளன? தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கப் பொதுமக்களும் பரிந்துரைக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால், பரிந்துரைக்கும் கையில் ஆதாரம் வேண்டுமல்லவா?

ஆகவே, கோயில் நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் போட்டி அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வார இறுதியில் உங்கள் வட்டாரத்துப் பழைய கட்டடம் ஒன்றைப் படமெடுங்கள். கட்டிய ஆண்டையும் முகவரியையும் விசாரித்து உடன் எழுதி வையுங்கள். இடிந்த பின் தேடினால் கிடைக்காது.