கேலிக்குப் பெயரும் ஊரும் இருந்தன

விடியற்காலையில் கட்டுப் பிரித்ததும் பேப்பர் கடைக்காரர் முதலில் செய்கிற வேலை, வால்போஸ்டரைத் தட்டியில் மாட்டுவது. அன்றைய செய்தியில் பாதியை மட்டும் சொல்கிற தாள் அது. ‘அமைச்சர் திடீர் ராஜினாமா’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எந்த அமைச்சர், எந்த மாநிலம் என்று இருக்காது. காசு கொடுத்து வாங்கி எட்டாம் பக்கம் வரை போனால்தான் அவர் பீகார் அமைச்சர் என்று தெரியும். பக்கத்து டீக்கடையில் அதே பேப்பர் தாள் தாளாகப் பிரிந்து ஆறேழு கைகளில் இருக்கும். ஒருவர் தலைப்பை உரக்கப் படிப்பார். இன்னொருவர் கிளாஸைக் கீழே வைக்காமலே அதற்கு ஒரு வரி சேர்ப்பார். பெஞ்சே குலுங்கும். தமிழ்நாட்டின் அரசியல் நையாண்டி பிறந்து வளர்ந்த இடம் அந்த பெஞ்சுதான் என்று நான் நம்புகிறேன்.

அந்த பெஞ்சுக்குப் பேப்பரைக் கொண்டு சேர்த்ததில் ‘தினத்தந்தி’க்குப் பெரிய பங்கு உண்டு. 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் அதைத் தொடங்கியபோது, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற தமிழில் செய்தி வர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1960இல் அதே பேப்பரில் தொடங்கிய ‘கன்னித்தீவு’ படக்கதை முடியாமல் ஓடி ஓடி, இழுத்துக்கொண்டே போகிற எதற்கும் ஊரே சொல்லும் உவமையாகிவிட்டது. நில வழக்கா, மேம்பால வேலையா, கூட்டணிப் பேச்சா, ‘கன்னித்தீவு மாதிரி போகுது’ என்றால் போதும். ‘தினமலர்’ அந்த பெஞ்சையே ஒரு பத்தியாக்கியது. ‘டீக்கடை பெஞ்ச்’ பகுதியில் குப்பண்ணாவும் அந்தோணிசாமியும் அன்வர்பாயும் உட்கார்ந்து, செய்தியாக எழுத முடியாத அரசியலைப் பேச்சாகப் பேசினார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு நெருக்கமானவர்கள் வாரப் பத்திரிகைகளின் துணுக்கு எழுத்தாளர்கள். எண்பதுகளில் ஒரு ஜோக் எழுதி அனுப்பப் பதினைந்து பைசா போஸ்ட் கார்டு போதும். காலையில் படித்த தலைப்புச் செய்தி, மத்தியானம் அலுவலகத்தில் ஒரு ஜோக், சாயங்காலம் தபால் பெட்டி. பிரசுரமானால் சன்மானம் மணியார்டரில் வரும். ஜோக்குக்குக் கீழே சின்ன எழுத்தில் பெயர் வரும், பெயரோடு ஊரும் வரும். அரக்கோணம், சீர்காழி, திருத்துறைப்பூண்டி என்று ரயில்வே டைம்டேபிளில் மட்டும் பார்த்த ஊர்களில் எல்லாம் சிரிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று எனக்குச் சொன்னது அந்தச் சின்ன எழுத்துதான். மந்திரியைக் கேலி செய்துவிட்டு, இன்ன ஊர்க்காரன், இன்ன பெயர் என்று எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். பெரும்பாலும் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், இல்லத்தரசிகள். பெரிய பேச்சு எதுவும் பேசாத தைரியம் அது.

பெயர் போட்டால் விலை கொடுக்க வேண்டியும் வந்தது. தமிழ்ப் பத்திரிகைக்குள் அரசியல் கேலிச்சித்திரத்தைக் கொண்டுவந்த முன்னோடி பாரதி. 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் அதைச் செய்தார். 1908இல் அந்தப் பத்திரிகை மீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது கைதானவர், சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன். ஐந்தாண்டுத் தண்டனை அவருக்கு. பாரதி புதுச்சேரிக்குப் போனார். பாரதியைக் கொண்டாடும் நாம் சீனிவாசனைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம்.

1970 ஜனவரியில் சோ ‘துக்ளக்’ தொடங்கினார். அட்டையில் இரண்டு கழுதைகள் பேசிக்கொண்டன. அவருடைய அரசியலோடு உடன்படாதவர்கள் ஏராளம். பல விஷயங்களில் நானும் உடன்பட்டதில்லை. ஆனால் யார் சொன்னது என்ற சந்தேகம் யாருக்கும் வந்ததில்லை. சோ சொன்னார், அவ்வளவுதான். திட்டுவதானாலும் அவரைத் திட்டலாம்.

1987 மார்ச்சில் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்க, ஜேப்படிக்காரரையும் கொள்ளைக்காரரையும் வைத்து மற்றவர் அடையாளம் சொல்வார். சட்டமன்றம் கொதித்தது. சபாநாயகர் பி.எச். பாண்டியன் ஆசிரியரை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். எஸ். பாலசுப்ரமணியன் மறுத்தார். மூன்று மாதக் கடுங்காவல் என்று தீர்ப்பாயிற்று. அந்த ஜோக்கை எழுதியது அவர் இல்லை, வெளியிலிருந்து வந்த துணுக்கு. எழுதியவர் பக்கம் கையைக் காட்டிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். போட்டது நான், பொறுப்பும் என்னுடையது என்று சிறைக்குப் போனார். நாடெங்கும் பத்திரிகையாளர்கள் திரண்டதால் சில நாளிலேயே வெளியே வந்தார். பல ஆண்டுகள் கழித்து, சிறையிலிட்டது தவறு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, அடையாளமாக ஒரு சிறு தொகையை நஷ்ட ஈடாகக் கொடுக்கச் சொன்னது.

இன்றைய பெஞ்ச் கைக்குள் இருக்கிறது. 2017 பிப்ரவரி 7ஆம் தேதி இரவு, முதல்வர் பதவியை ராஜினாமா செய்திருந்த ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தார். அவர் கண்ணைத் திறப்பதற்குள் மீம் வரத் தொடங்கிவிட்டது. அடுத்த பத்து நாளும், எம்.எல்.ஏ.க்கள் தங்கவைக்கப்பட்ட கூவத்தூர் ரிசார்ட்டைப் பற்றித் தமிழ்நாடு அறிந்துகொண்டதில் பாதி, வடிவேலு முகத்தோடும் கவுண்டமணி முகத்தோடும்தான் வந்தது. ‘அமைதிப்படை’ வந்தது 1994இல். அதில் சத்யராஜ் நடித்த நாகராஜசோழனை, அந்தப் படம் வந்தபோது பிறந்திராத பிள்ளைகள் இன்று ஒவ்வொரு தேர்தலுக்கும் வேலைக்கு எடுக்கிறார்கள். ஒரு காட்சியை ஓர் அரசியல் சம்பவத்தோடு பொருத்திப் பார்க்கிற அந்தக் கண், பழைய துணுக்கு எழுத்தாளரின் கண்ணேதான்.

2019 மே மாதம் நடந்ததை நினைத்தால் இன்றும் மனசு துள்ளுகிறது. பொறியியல் சம்பந்தமான ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியல் படம் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. நம்மவர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, இதால்தான் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டை உடைந்தது என்றும் எழுதினார். ‘ஃப்ரெண்ட்ஸ்’ படம் 2001இல் வந்தது என்பதோ, நேசமணி வடிவேலு என்பதோ தெரியாத யாரோ, அவர் இப்போது நலமா என்று கேட்க, பிரதமர் மோடியின் இரண்டாவது பதவியேற்பு நடந்த அதே நாளையொட்டி உலகமே நேசமணிக்காகப் பிரார்த்தித்தது. நாட்டில் எத்தனையோ பிரச்சினை இருக்க இது தேவையா என்று சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. ஒரு மொழிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே ஜோக்குக்குச் சிரிப்பது சின்ன விஷயம் கிடையாது.

அந்த ஜோக்கைத் தொடங்கியவரின் பெயரை எத்தனை பேர் இன்று சொல்வார்கள்? அன்றைக்கு அரக்கோணத்துக்காரரின் பெயர் பத்திரிகையை மடித்துப் பரணில் ஏற்றினாலும் ஜோக்கோடு சேர்ந்தே ஏறியது. இன்று மீம் ஓரத்தில் இருக்கும் பக்கத்தின் பெயரை அடுத்தவர் வெட்டிவிட்டுத் தன் பெயரை ஒட்டுகிறார், அதற்கடுத்தவர் அதையும் வெட்டுகிறார். மூன்றாவது வாட்ஸ்அப் குழுவுக்கு வரும்போது அது அநாதை.

ஜோக் அநாதையாவது வருத்தம். செய்தி அநாதையாவது ஆபத்து. அன்று முதலில் செய்தி, அப்புறம் கேலி. செய்தி தெரியாதவனுக்கு ஜோக் புரியாது. இன்று மீமைப் பார்த்துத்தான் செய்தியே தெரிகிறது. இந்த இடைவெளியில் போலி நியூஸ் கார்டு நுழைகிறது. டிவி சேனலின் லோகோ, அதே நிறப் பட்டை, ஒரு தலைவரின் படம், அவர் சொல்லாத ஒரு வாசகம். கேலிக்காகச் செய்தது என்று செய்தவர் சொல்லலாம். ஆனால் சிரிக்காமல் நம்பி அனுப்புகிறவர்கள்தான் அதிகம். அந்தத் தலைவர் எனக்குப் பிடிக்காதவராகவே இருந்தாலும், அவர் சொல்லாததை அவர் வாயில் போடுவது கேலி ஆகாது. அது பொய்.

பெயர் போடுகிறவர்களுக்கு இன்றும் பழைய விலைதான். 2017இல் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்து இறந்ததை ஒட்டி வரைந்த சித்திரத்துக்காகக் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். 2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்களைக் கைவிலங்கிட்டு அனுப்பியதைப் பற்றிய கேலிச்சித்திரம் விகடனின் இணைய இதழில் வந்தபோது, விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. அந்தப் படத்தை நீக்கிய பிறகு தளத்தைத் திறக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் மார்ச்சில் உத்தரவிட்டது. 1987க்கும் 2025க்கும் நடுவில் அச்சு போய்த் திரை வந்தது. கேலியைத் தாங்கிக்கொள்ளும் மனசு மட்டும் வரவில்லை. பயந்து பெயரை மறைக்கும் இளைஞரை இதனால்தான் என்னால் குறை சொல்ல முடிவதில்லை.

செய்தித்தாளின் கடைசிப் பக்க அடியில், அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயரோடு பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். 1867ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிய வரி அது. யாரும் படிப்பதில்லை. ஆனால் மேலே இருக்கும் அத்தனை தலைப்புக்கும் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்கு அந்த வரிதான் சாட்சி. நம் கைக்கு வரும் மீமுக்கு அப்படி ஒரு வரி கிடையாது.

அதனால் சிரிக்கத் தெரிந்த எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். நியூஸ் கார்டு வந்தால், அந்தச் சேனலின் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். செய்தவர் பெயர் ஓரத்தில் இருந்தால் வெட்டாதீர்கள். நீங்களே செய்தால், முடிந்தவரை உங்கள் பெயரைப் போடுங்கள், ஊரையும் சேர்த்து.