குளோரினுக்கு அஞ்சாத ஒட்டுண்ணி

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டிலும் கிள்ளான் தாமான் வீட்டிலும் குழாயைத் திறந்தால் நீரில் இலேசான குளோரின் வாடை வீசும். காலரா, டைபாய்டு கிருமிகளைக் குளோரின் கொன்றுவிடும் என்பதால் அந்த வாடை நமக்கு ஒரு நம்பிக்கை. ஆனால், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி அதற்கு அடங்குவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கிற்குக் குடிநீர் தரும் லங்காட் ஆற்றுப் படுகையிலும் இவ்வொட்டுண்ணியை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

மனிதர், கன்றுகாலிகளின் குடலில் வாழும் இது, தடித்த ஓடு கொண்ட நுண்ணிய உருண்டையாக மலத்தோடு வெளியேறுகிறது. ஒரு மில்லிமீட்டரை இருநூறாகப் பிரித்தால் கிடைக்கும் அளவே அதன் பருமன். அந்த ஓடுதான் அதற்குக் கவசம். வழக்கமான அளவில் குளோரின் கலந்த நீச்சல் குளத்திலும் ஒரு வாரத்திற்கு மேல் உயிரோடு இருக்கும். பத்து உருண்டைகள் வயிற்றுக்குள் சென்றாலே நோய் வரக்கூடும். ஆகவே, சுத்திகரிப்பு நிலையத்தில் இதனைப் பெரிதும் தடுத்து நிறுத்துவது வடிகட்டும் மணற்படுகையே.

அந்தப் படுகை சரியாக வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் கண்டது. கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்பட ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் நீரின்மேல் யாருக்கும் உடனே ஐயம் எழவில்லை. மருந்துக் கடைகளில் வயிற்றுப்போக்கு மருந்து தீர்ந்துபோனது. பள்ளிகளில் மாணவரோடு ஆசிரியர்களும் வரவில்லை. இவையே முதல் தடயங்கள். நகரின் தெற்குச் சுத்திகரிப்பு நிலையத்து நீரைக் குடித்த பகுதிகளில்தான் நோய் மிகுந்திருந்தது. நிலையத்தின் பதிவுகளைப் புரட்டியபோது, சுத்திகரித்த நீரின் கலங்கல் சில நாள்களாகக் கூடியிருந்தது தெரிந்தது. வியப்பு என்னவென்றால், அக்காலத்து விதிகளின்படி அது ஏற்கத்தக்க நீர்தான்! ஏப்ரல் 7-இல் நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்குமாறு மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் நோயுற்றனர் என்பது பின்னர் செய்த கணக்கு.

குடிநீரை மட்டும் காத்தால் போதுமா? தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அந்நகரக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்குப் புட்டி நீரும் மற்றொரு பிரிவினருக்கு நகராட்சி நீரும் கிடைக்கச் செய்து, இரண்டு வயது வரை கவனித்தனர். புட்டி நீர் குடித்த பிள்ளைகளுக்கும் தொற்று குறையவில்லை என்று 2013-இல் தெரிவித்தனர். கழுவாத கை, வீட்டில் உள்ள மற்றொரு நோயாளி, அசுத்தமான தரை எனக் கிருமிக்கு வேறு வழிகளும் உண்டு.

நல்ல உடல்நலம் உள்ளவர் ஓரிரு வாரத்தில் தேறிவிடுவார். கைக்குழந்தைக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கும் இது உயிராபத்து. நீரை ஒரு நிமிடம் நன்கு கொதிக்க வைத்தால் ஒட்டுண்ணி இறந்துவிடும். ஆனால், பள்ளிப் பைகளில் இன்று இடம்பெற்றுள்ள கைத்தூய்மி இதனைக் கொல்லாது. சவர்க்காரமிட்டு நீரில் கழுவினால்தான் கையிலிருந்து அகலும். இந்நோய் கண்டவர், வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் இரண்டு வாரங்களுக்கு நீச்சல் குளத்தில் இறங்கக் கூடாது. உடல் தேறிய பின்னும் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும்.