ஆழ வேரும் அடிப்பானைத் தண்ணீரும்

"இலக்கியக் கட்டுரை நிறைய வந்துவிட்டது சார், நீங்கள் ஏதாவது அறிவியல் எழுதுங்கள்" என்று மலர்க் குழு அன்பர்கள் இந்த ஆண்டு கேட்டுக்கொண்டார்கள். திருப்பதியில் முப்பது வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு விஷயப் பஞ்சம் இல்லை. ஆனால் நான் எழுதப்போவது, நான் வகுப்பில் அழுத்தம் திருத்தமாகச் சொல்லிவந்த ஒரு பாடத்தின் பிழையைப் பற்றி. அந்தப் பிழைக்கு என் சித்தப்பா ஏழு மாமரங்களை விலையாகக் கொடுத்தார்.

1960-இல் எல்லை பிரித்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். நிலத்தை விட்டு எங்கே போவது? சித்தூரை அடுத்த பங்காருபாளையம் பக்கத்தில் எங்கள் தாத்தா வைத்த மாந்தோப்பு சித்தப்பா பங்கில் வந்தது. பெங்களூரா என்று நாங்கள் சொல்லும் கிளிமூக்கு மா. கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகிற சரக்கு. 2016-இலும் 2018-இலும் வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் பொய்த்தது. 2019 கோடையில் போர் வறண்டு, சித்தப்பா டேங்கரில் தண்ணீர் வாங்க ஆரம்பித்தார். டேங்கர் விலைக்கு எல்லா மரத்துக்கும் ஊற்ற முடியாது.

"ஏம்ப்பா, நீ படிச்சவன். எதுக்கு ஊத்தறது, எதை விடறது?" என்று போனில் கேட்டார்.

"சின்ன மரத்துக்கு ஊத்துங்க சித்தப்பா. தாத்தா வெச்ச மரத்துக்கு வேர் ஆழமா போயிருக்கும், அது தாங்கிக்கும்" என்றேன்.

சின்ன மரங்கள் பிழைத்தன. அதற்குக் காரணம் டேங்கர் தண்ணீர், அதில் அதிசயம் இல்லை. தாத்தா மரங்களில் ஐந்து அந்தக் கோடையிலேயே உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. 2020 நவம்பரில் நிவர் புயல் வந்து ஏரியெல்லாம் நிரம்பியது. ஊரே மகிழ்ந்திருந்த அந்த நேரத்துக்குப் பிறகு, அடுத்த வருஷம், இன்னும் இரண்டு பெரிய மரங்கள் பட்டுப்போயின. மழை பெய்த பிறகு மரம் சாவானேன்? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சித்தப்பா என்னைக் கேட்கவும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மரம் எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரத்துக்குள் பம்பு எதுவும் கிடையாது. இலையின் அடியிலுள்ள நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகிறது. அப்படிப் போகும் ஒவ்வொரு துளியும் பின்னால் உள்ள துளியை இழுக்கிறது. நீருக்குத் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. அதனால் இலையிலிருந்து வேர் நுனிவரை ஒரே நீர்க்கயிறு போல மேலே வருகிறது. டப்ளினில் டிக்ஸனும் ஜோலியும் 1894-இல் சொன்ன கருத்து இது. நம் ஜகதீச சந்திர போஸ் இதை ஏற்கவில்லை, உயிருள்ள செல்கள்தான் நீரை ஏற்றுகின்றன என்று வாதாடினார். அவர்மேல் எனக்கு மிகுந்த பக்தி உண்டு, ஆனால் இந்த வழக்கில் அவர் கட்சி ஜெயிக்கவில்லை. பெரிய மரம் ஒன்று நல்ல வெயில் நாளில் நூறு லிட்டர் அளவுக்குக்கூட இழுக்கும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஆவியாகவே போய்விடும்.

மண் காய்ந்தால் கயிறு விறைக்கும். இழுப்பு மிஞ்சினால் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்து கயிறு அறுந்துவிடும். அதைத் தடுக்க மரம் துளைகளை மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் இலையையே கொட்டிவிடும். திருமலைக்குப் பங்குனி, சித்திரையில் மலைப்பாதையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், காடு செத்ததுபோல் நிற்கும். அது சாவு இல்லை, கடையை மூடிவிட்டுக் காத்திருப்பது. செம்மரம் என்றாலே நமக்குக் கடத்தலும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் சேஷாசலப் பாறையில், கையளவு மண்ணில், இப்படி இலையுதிர்த்துக் காத்திருந்து வளர்வதுதான் அந்த மரத்தின் பிழைப்பு.

இனி என் பிழைக்கு வருகிறேன். முதுமலையில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழுவினர் 1988-89-இல் ஐம்பது ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டினார்கள். ஏறக்குறைய 26,000 மரங்கள்! எது செத்தது, எது புதிதாக முளைத்தது என்று ஆண்டுதோறும் கணக்கு எடுத்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிமரத்தின் பருமனையும் அளந்தார்கள். யானை நடமாடும் காட்டில் இதைத் தலைமுறைக் கணக்கில் செய்வது சாதாரண வேலையா? பக்கத்துப் பண்டிப்பூர்க் காட்டில் அதே கழகத்தாரும் பிரெஞ்சு விஞ்ஞானிகளும் சேர்ந்து, மழைநீர் மண்ணுக்குள்ளும் சிதைந்த பாறைக்குள்ளும் எப்படி இறங்குகிறது என்று ஆராய்ந்துவந்தார்கள்.

இந்த இரண்டு கணக்கையும் ருதுஜா சித்ரா-தாரக் என்ற ஆய்வாளர் தம் குழுவோடு இணைத்து, 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் கையாண்ட உத்தி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வேர் எவ்வளவு ஆழம் என்று பார்க்கத் தோண்ட முடியாது. தோண்டினால் மரம் போய்விடும். அதனால் கணினியில் ஒரு நீர்க்கணக்கு மாதிரியை அமைத்து, இருபது ஆண்டுகளில் எந்த ஆழத்தில் எப்போது எவ்வளவு நீர் இருந்திருக்கும் என்று போட்டார்கள். பிறகு தலைகீழாகக் கேட்டார்கள். இந்த மரம் இன்ன காலத்தில் நன்றாகப் பருத்தது, இன்ன காலத்தில் தேங்கியது. அப்படியானால் எந்த ஆழத்து நீரைக் குடித்திருந்தால் இந்த வளர்ச்சி பொருந்தும்? மாதச் செலவைப் பார்த்து ஒருவருக்கு எந்தத் தேதியில் சம்பளம் வருகிறது என்று கண்டுபிடிப்பது போலத்தான். பன்னிரண்டு மர இனங்களுக்கு இப்படி ஆழ வரிசை கிடைத்தது.

அந்த வரிசையை, 2000-க்குப் பிந்தைய தொடக்க ஆண்டுகளில் வந்த நெடிய வறட்சியில் செத்த மரங்களின் கணக்கோடு ஒப்பிட்டார்கள். மேல்வேர் மரங்கள்தான் அதிகம் செத்திருக்கும் என்று நானாக இருந்தால் பந்தயம் கட்டியிருப்பேன். நடந்தது நேர்மாறு. ஆழத்து நீரை நம்பிய இனங்களே அதிகம் மடிந்தன.

காரணத்தை நம் வீட்டு அடுக்குப்பானை கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மூன்று பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். மேல்பானை நிரம்பி வழிந்தால்தான் நடுப்பானைக்கு நீர், அது வழிந்தால்தான் அடிப்பானைக்கு. மேல்பானை ஒரு நல்ல மழையில் நிரம்பும், ஒரு கோடையில் காலியாகும். அங்கே குடிப்பவன் அன்றாடக் கூலிக்காரன். வறட்சியில் துடிப்பான், ஆனால் முதல் மழையிலேயே எழுந்துவிடுவான். அடிப்பானைக்காரன் வசதியானவன். ஒரு வருஷ வறட்சி அவனுக்குத் தெரியவே தெரியாது, சாதாரணக் காலத்தில் நன்றாகவே வளர்வான். ஆனால் வறட்சி நான்கைந்து வருஷம் நீண்டு அடிப்பானையும் தீர்ந்துவிட்டால், மறுபடி மழை வந்தாலும் அவனுக்கு உடனே கிடைக்காது. வந்த நீரை மேல்பானைகள் பிடித்துக்கொள்ளும். மேலே எல்லாம் பச்சையாக இருக்க, ஆழவேர் மரம் மட்டும் தாகத்தில் நிற்கும். ஒரே காட்டில், பக்கத்துப் பக்கத்து மரங்களுக்கு, வறட்சி வெவ்வேறு வருஷங்களில் வருகிறது.

இதைப் படித்த அன்று நிவர் புயலுக்குப் பிறகு செத்த இரண்டு மரங்களும் என் கண்முன் நின்றன. அவை இந்தக் காரணத்தால்தான் செத்தன என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. வறட்சியில் தளர்ந்த மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும்கூட முடித்துவைக்கும். சுற்றிலும் எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று போர் போட்டு அடிப்பானையை உறிஞ்சியவர்கள் நாம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆழவேரே ஆபத்து என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. இதே ஆய்வாளர் குழுவினரோடு பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவுக் காட்டையும் ஆராய்ந்தார். 2021-இல் வந்த அந்த முடிவு வேறுமாதிரி. நீர்க்குழாய்கள் எளிதில் அறுந்துபோகும் இனங்கள் அங்கே ஆழத்து நீரைக்கொண்டு வறட்சியைத் தாண்டிவிட்டன. ஏனென்றால் அங்கே ஆண்டு மழை சுமார் 2,600 மில்லிமீட்டர், முதுமலைபோல இரண்டு மடங்கு. அங்கே அடிப்பானை நிறைவதற்குப் பல வருஷம் காத்திருக்க வேண்டாம் என்பதே காரணம் என்று நான் புரிந்துகொள்கிறேன். பானை எத்தனை, மழை எவ்வளவு என்று தெரியாமல் வேரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதுதான் என் தவறு.

நம் சேஷாசலத்தில் என்ன நடக்கும்? முதுமலையில் உள்ள வெக்காலி மரம் இங்கேயும் உண்டு, தெலுங்கில் சிருமானு என்பார்கள். ஆனால் அங்கே தென்மேற்குப் பருவமழை முக்கியம், இங்கே ஐப்பசி, கார்த்திகை மழை கணிசம். மண்ணும் வேறு, பாறையும் வேறு. படிகப்பாறையின் வெடிப்புகளில் எவ்வளவு நீர் நிற்கும் என்பது முதுமலைக் கணக்கிலிருந்து வராது. 2021 நவம்பர் வெள்ளத்தில் கபில தீர்த்தம் ஆறாகக் கொட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பாபவிநாசம் அணை நிரம்பியது என்று செய்தி வந்தாலே வறட்சி தீர்ந்தது என்கிறோம். அணை நிரம்புவது பாறைமேல் ஓடிய நீரால். வேருக்குப் போன நீரின் கணக்கு தனி, அதை மரத்தில்தான் அளக்க வேண்டும்.

2022 முதல் நான் சின்ன அளவில் தொடங்கியிருக்கிறேன். தோப்பில் மீதமுள்ள பதினொரு தாத்தா மரங்களுக்கும் தகட்டில் எண் அடித்துக் கட்டி, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறேன். பொங்கலுக்கு மறுநாள் தையல்காரர் நாடாவால் சுற்றளவு எடுக்கிறோம். சித்தப்பா நோட்டில் எழுதுகிறார். கோடையில் டேங்கர் வந்தால் இப்போது பெரிய மரத்துக்கும் பாதி போகிறது. போன பொங்கலன்று நாலாம் எண் மரத்தை அளந்துவிட்டு, "போன வருஷம் எவ்வளவு?" என்றார். சொன்னேன். "அப்போ ஏறவே இல்லையே" என்றார். மழை நன்றாகத்தான் பெய்திருந்தது.