உடற் பருமனும் உணவின் வரவு செலவும்

நெல்லும் மரக்கறியும் விளைவிப்போர் உடல் வருந்தி உழைப்பவர். ஆதலின் உடற் பருமன் அவரை அணுகாது என்பது பலருடைய எண்ணம். முன்னாளில் இது பெரும்பாலும் உண்மையாயிருந்தது. இன்றோ கமத்தொழிலின் முறை மாறிவிட்டது. உழவு இயந்திரம் நிலத்தை உழுகின்றது. நீரிறைக்கும் இயந்திரம் துலாவின் வேலையைச் செய்கின்றது. அறுவடை இயந்திரம் அரிவி வெட்டையும் சூடடிப்பையும் ஒருங்கே முடிக்கின்றது. வேலை இலகுவாயிற்று, சோற்றின் அளவோ பல வீடுகளில் முன்போலவே இருக்கின்றது. கமக்காரரிடையே பருமன் தோன்றுதற்குரிய முக்கிய காரணங்களுள் இஃது ஒன்றாகும்.

சத்தியின் கணக்கு

உணவு அளிக்கும் சத்தி கலோரியால் அளக்கப்படும். மாப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி வீதமும், கொழுப்பு 9 கலோரி வீதமும் தரும். மூச்சு, இரத்தவோட்டம் முதலிய உயிர்த்தொழில்களுக்கும், உணவின் சமிபாட்டுக்கும், நடை, வேலை முதலியவற்றுக்கும் இச்சத்தி செலவாகின்றது. வரவும் செலவும் சமமாயின் உடல் நிறை மாறாது. வரவு மிகுந்தால், எஞ்சிய நெல் களஞ்சியத்திற் சேர்வதுபோல, எஞ்சிய சத்தி கொழுப்பாக உடலிற் சேரும்.

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் மண்வெட்டியாற் கொத்தும்போது மணிக்கு ஏறத்தாழ 300 கலோரி செலவிடுவர். உழவு இயந்திரத்தில் அமர்ந்து ஓட்டும்போது செலவு அதிற் பாதியளவே. நான்கு மணி நேர வேலையில் வேறுபாடு 600 கலோரியாகும். 100 கிராம் சோறு 130 கலோரி தருமாதலால், இவ்வேறுபாடு ஏறக்குறைய 450 கிராம் சோற்றுக்குச் சமமாகும்.

பசியும் உழைப்பும்

வேலை குறைந்தாற் பசியும் தானே குறையும் என்று நம்புதல் தகாது. ஜீன் மேயர் என்னும் ஊட்டவுணவு ஆராய்ச்சியாளரும் துணைவரும் மேற்கு வங்காளத்துச் சணலாலைத் தொழிலாளரை ஆராய்ந்து, 1956 இல் முடிவுகளை வெளியிட்டனர். கடின வேலை செய்தோர் மிகுதியாக உண்டும் பருக்கவில்லை. இருந்தபடி வேலை செய்தோர் குறைவாக உண்ணாததுடன், நிறையிலும் மிகுந்திருந்தனர்.

பருமன் சோம்பலின் அடையாளமன்று. பரம்பரை, நித்திரைக் குறைவு, சில மருந்துகள், சில சுரப்பி நோய்கள் ஆகியனவும் அதற்குக் காரணமாகலாம்.

அளந்தறிதல்

தொப்புள் மட்டத்தில் வயிற்றின் சுற்றளவை நூலால் அளக்கலாம். ஆண்களில் 90 சென்ரிமீற்றருக்கும், பெண்களில் 80 சென்ரிமீற்றருக்கும் மேற்பட்டால் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியன அணுகுதற்கு அது இடமளிக்கும். மிகுந்த நிறையைத் தாங்கும் முழங்கால் நோவுற்றால் வரம்பில் நடப்பதும் அரிதாகும்.

செய்ய வேண்டியவை

1. வேலைக்கேற்ப உண்க. நாற்று நடுகை, களை பிடுங்கல் முதலிய கடின வேலை நாள்களிற் சோற்றைக் குறைக்க வேண்டியதில்லை. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடைப்பட்ட ஓய்வு நாள்களிற் கோப்பையின் பாதியை மரக்கறியாலும் கீரையாலும், காற்பங்கைச் சோற்றாலும், எஞ்சிய காற்பங்கை மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றாலும் நிரப்புக.

2. தேநீரிற் சீனியைக் குறைக்க. இரண்டு தேக்கரண்டிச் சீனியிட்ட தேநீரை நாளுக்கு ஆறு முறை அருந்துவோர், சீனியால் மட்டும் 240 கலோரி பெறுகின்றனர்.

3. எண்ணெயிற் பொரித்த பண்டங்களை இடைக்கிடை மட்டும் உண்க.

4. தோட்டத்துப் பயற்றங்காய், புடோல், வல்லாரை, பொன்னாங்காணி யாவற்றையும் சந்தைக்கு அனுப்பிவிடாது, வீட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்குக. அவை வயிற்றை நிரப்பும், கலோரி குறைவு.

5. வயல் வேலையில்லாத நாள்களில் அரை மணி நேரமேனும் விரைந்து நடக்க. அண்மையிலுள்ள வயலுக்கு மோட்டார்ச் சைக்கிளைத் தவிர்க்க.

6. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் உணவை மாற்றுமுன் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுக.

இயந்திரத்தைக் கைவிடுதல் வேண்டியதில்லை. அது மிச்சப்படுத்திய உழைப்பின் அளவறிந்து உண்ணுதலே வேண்டும். விதைக்கும் பசளைக்கும் கணக்கு வைக்கும் கமக்காரர், தம் உடலின் வரவு செலவையும் அவ்வாறே கவனிப்பாராக.