காற்று ஓய்ந்த இரவுக்கு

எங்கள் மலைநாட்டு நோர்வூட் வழியாக ஓடும் கெசல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் அடங்கி, பின்னர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு இறங்கி மின்சாரமாகிறது. பங்குனி வெயிலில் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பீலியில் தண்ணீர் நூலாக இழைய, குடங்கள் வரிசையில் காத்திருக்கும் நாட்களிலும், ஆடி மழையில் தேக்கிய நீர் எங்கோ ஒரு வீட்டில் விளக்காக எரிகிறது. 1918-இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர கட்டுரையாக முன்வைத்த நீர்மின் யோசனை, 1950-இல் லக்ஷபானவில் பிரத்தியட்சமாயிற்று.

மலையும் அருவியும் இல்லாத இலங்கையின் வடகடல் தீவுகளின் நிலைமை வேறு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் படகில் வந்திறங்கும் டீசலை நம்பியே நெடுங்காலம் வெளிச்சம் கண்டவை. கடல் கொந்தளித்தால் படகு நிற்கும், படகு நின்றால் எண்ணெயும் நிற்கும். இந்திய அரசின் 1 கோடியே 10 லட்சம் டாலர் நன்கொடையில் இம்மூன்றுக்கும் கலப்பு மின்திட்டம் அமைக்க, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று: சூரியசக்தி 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், மின்கலச் சேமிப்பு 2,400 கிலோவாட்-மணி; துணைக்கு 2,500 கிலோவாட் டீசல் இயந்திரங்கள்.

இதில் வெயிலின் அளவைவிடச் சேமிப்பின் அளவையே நான் முதலில் நோக்குகிறேன். சூரியன் மறைந்து காற்றும் ஓய்ந்த இரவில் மூன்று தீவுகளும் சேர்ந்து 200 கிலோவாட் கோருவதாக ஓர் உதாரணத்துக்குக் கொண்டால், நிரம்பிய மின்கலங்கள் 12 மணி நேரம் தாங்கும். 300 என்றால் 8 மணி நேரந்தான். தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில் கவலையில்லை. அது தணிந்து வானமும் மூடியிருக்கும் ஐப்பசி நாட்களே உண்மையான பரீட்சை.

ஸ்பெயினுக்குரிய எல் இயெர்ரோ தீவு இத்தகைய சேமிப்புக்கு மலையையே துணைகொண்டது. மிகுதியான காற்று மின்சாரத்தால் உயரத்து நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீரை ஏற்றி, காற்றில்லாதபோது இறக்கி மின்சாரமாக்கும் அத்தீவு, 2019-இல் தொடர்ந்து 24 நாட்கள் டீசலின்றி இயங்கியது. ஆயினும் டீசல் இயந்திரங்களை அது கைவிடவில்லை.

ஆகவே, ஆண்டின் பெரும்பகுதியைச் சிறுதீவுகள் வெயிலாலும் காற்றாலும் நடத்த முடியும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் திட்டத்தை மதிப்பிடுவோர் சராசரி நாளை விட்டு, மிக மோசமான இரவை அளவுகோலாகக் கொள்ள வேண்டும். உப்புக்காற்று அரிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கத் தீவின் பிள்ளைகளையே பழக்க வேண்டும். எங்கள் ஆற்று நீர் விளக்காகிப் போனபோது லயங்கள் பல ஆண்டுகள் இருளில் கிடந்தன. தன் வாசலில் வீசும் காற்றின் பயனைத் தீவின் குடிசை முதலில் அனுபவிக்கட்டும்.