கலெக்டர் மனு போதாது, ஆணையத்துக்குப் போங்கள்

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகளில் அந்த விடுமுறைத் தங்குமிடத் திட்டத்தின் ஃபைலைப் பார்த்துவிட்டேன். வழவழப்பான அட்டையில் மலை, ஏரி, கூடாரம், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கும் குடும்பம். உள்ளே பொடி எழுத்தில் ஆங்கில ஒப்பந்தம். மூன்று வீட்டுக் கதையும் ஒன்றுதான். துணிக்கடை வாசலில் ஒரு பையன் கூப்பனில் போன் நம்பர் எழுதி வாங்குவான். மறுவாரம் அழைப்பு வரும்: "சார், உங்களுக்கு கிஃப்ட் விழுந்திருக்கு, மேடத்தையும் கூட்டிட்டு வாங்க." திருச்சியில் ஓர் ஓட்டல் ஹாலில் மூன்று மணி நேரப் பேச்சு. "இந்த ரேட் இன்னைக்கு மட்டும்தான்." எழுந்து வரும்போது கார்டில் லட்சத்துக்கு மேல் தேய்த்திருப்பார்கள். அப்புறம் எப்போது இடம் கேட்டாலும் "ஃபுல் சார்". ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கேட்டு மட்டும் தவறாமல் மெசேஜ் வரும்.

ஏமாந்ததற்கு யாரையும் திட்டப்போவதில்லை. அதற்குப் பிறகு செய்கிற காரியங்கள்தான் வயிற்றெரிச்சல். ஒருவர் காவல் நிலையத்தில் மனு ரசீது வாங்கி வந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். இன்னொருவர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நான்கு முறை வரிசையில் நின்றார். மனு மேசை மேசையாக நகர்ந்து, "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு கடிதமாகத் திரும்பி வந்தது. "இது நுகர்வோர் ஆணையம் பார்க்கிற விஷயம், அங்கே போங்க" என்று முதல் நாளே சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதற்குள் ஒன்றே முக்கால் வருடம் போய்விட்டது.

போனது வெறும் காலம் அல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நாள் எது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவார். வம்பே வேண்டாம், பணம் கட்டிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். கலெக்டரிடம் மனு கொடுத்திருந்தேன் என்பதை அது ஏற்றுக்கொள்ளும் என்று நம்பி உட்காராதீர்கள்.

போக வேண்டிய இடம் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையோ ஐதராபாத்தோ, கவலை இல்லை. புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம் கொடுத்த வசதி. ஒப்பந்தத்தில் "நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும்" என்று இருக்கிறதே என்பார்கள். அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லிவிட்டது. கட்டிய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

முதலில் நிறுவனத்துக்கு ஒரு அறிவிப்புக் கடிதம். என்ன சொன்னார்கள், எவ்வளவு வாங்கினார்கள், எந்தெந்தத் தேதிக்கு இடம் கேட்டு மறுத்தார்கள், 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் வழக்கு. இவ்வளவு போதும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, பட்டுவாடா ஆன விவரத்தை அச்செடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் புகார் மனு, தேதிவாரிப் பட்டியல், பிரமாணப் பத்திரம், ஆவண நகல்கள். எதிர்த்தரப்பினர் எத்தனை பேரோ அத்தனை பிரதிகள் கூடுதலாக வேண்டும். இணையவழியில் தாக்கல் செய்ய இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது.

மனுவின் வாசகத்தில் ஒரு நுட்பம். "நியாயமற்ற ஒப்பந்தம்" என்பதையே முதன்மைக் குற்றச்சாட்டாக எழுதிவிடாதீர்கள். அந்த வகைப் புகாரைச் சட்டம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் ஒதுக்கியிருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் "சேவைக் குறைபாடு", "நேர்மையற்ற வணிக நடைமுறை" என்று எழுதுங்கள். கொடுக்கும் எண்ணமே இல்லாமல் பரிசு என்று ஆசை காட்டுவதும் இரண்டாவது வகையில் சேரும். கேட்கும் தொகை, வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். "தக்க நியாயம் வழங்க வேண்டும்" என்று பொத்தாம் பொதுவாக முடித்தால் கைக்கு வருவதும் பொத்தாம் பொதுவாகத்தான் இருக்கும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம், தமிழிலும் பேசலாம். சில நிறுவனங்கள் அதற்கே இறங்கி வரும். ஆனால் அது சமரச முயற்சி, தீர்ப்பு அல்ல. அங்கே புகார் எண் வாங்கியதும் வேலை முடிந்தது என்று தூங்கிவிடாதீர்கள். இரண்டு ஆண்டு, மறுபடியும் சொல்கிறேன், இரண்டே ஆண்டு.

"தங்கலாம், தங்காவிட்டால் லாபத்தோடு பணம் வாங்கிக்கலாம்" என்று சொல்லி விற்றிருந்தால் அது விடுமுறைத் திட்டமே அல்ல, முதலீட்டு வசூல். பான்கார்டு கிளப்ஸ் என்ற மும்பை நிறுவனம் அறை இரவுகளை இப்படித்தான் விற்று 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 7,000 கோடி ரூபாய் திரட்டியது. அதைத் திருப்பித் தரும்படி 2016-இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி உத்தரவிட்டது. அப்படிப்பட்ட ஃபைல் வீட்டில் இருந்தால் செபிக்கும் எழுதுங்கள்.

ஐரோப்பாவில் இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளலாம், அது அங்கே சட்டம். இங்கே இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. சில ஒப்பந்தங்களில் மட்டும் சில நாள் அவகாசம் இருக்கும். கையெழுத்துப் போட்ட அன்றிரவே அந்த வரியைத் தேடிப் பார்த்து, இருந்தால் மறுநாளே ரத்துக் கடிதம் அனுப்புங்கள்.

போன வாரம் ஒரு வீட்டில் கார்டு ரசீதைக் கேட்டேன். கொண்டு வந்து கொடுத்தார்கள். இரண்டு விரல் அகலத்தில் வெறும் வெள்ளைக் காகிதம். அந்த இயந்திரத் தாளில் எழுத்து நிற்பதில்லை, கொஞ்ச நாளில் மங்கிப் போய்விடுகிறது. உங்கள் ஃபைலில் இன்னும் எழுத்து தெரிகிற ரசீது இருந்தால் இன்றைக்கே இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், வங்கிக் கணக்கு அறிக்கையையும் சேர்த்து.