வழவழச் சுவரின் தூசிக் கணக்கு

வீடு கட்டுபவர்கள் பூச்சு வேலையைப் பற்றிக் கேட்பதைவிடப் பட்டியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். எத்தனை கோட், எந்த வகை, மூட்டை என்ன விலை, வெயிலில் மஞ்சளிக்குமா என்று கேள்விகள் நீள்கின்றன. பூச்சில் மணலும் சிமென்டும் என்ன கணக்கில் கலந்தன, பூசிய பிறகு எத்தனை நாள் தண்ணீர் விட்டார்கள், மட்டம் பார்த்தார்களா என்பதைக் கேட்க ஆளில்லை. பட்டி என்பது நல்ல சுவரை வழவழப்பாக்கும் கடைசிக் கைவேலை. அதை நாம் மோசமான சுவரை நல்ல சுவராகக் காட்டும் வேலையாக மாற்றிவிட்டோம். இந்த மாற்றத்துக்கான விலையில் ஒரு பங்கைத்தான் வீட்டுக்காரர் தருகிறார். பெரிய பங்கைத் தருவது உப்புத்தாளோடு ஏணியில் நிற்பவரின் நுரையீரல்.

பட்டி என்று ஒரே பெயரில் நாம் சொல்பவை பல பொருட்கள். மரச்சன்னலில் கண்ணாடியை நிறுத்தப் பழைய தச்சர்கள் பிசைந்தது சீமைச்சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும். அந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கெட்டியாகிறது. நீற்றிய சுண்ணாம்பை நீரடியிலேயே வைத்துப் பதப்படுத்தினால் வெண்ணெய் பதத்தில் கிடைப்பதும் ஒரு பட்டிதான். பண்டைய ரோமில் மூன்றாண்டு பழகாத சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தக் கூடாது என்று விதியே இருந்தது. வண்டிப் பட்டறையில் பூசுவது பாலியெஸ்டர் பிசினும் டால்க் தூளும். ஹார்ட்னர் சேர்த்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். இன்று மூட்டையில் வரும் சுவர்ப் பட்டியில் இருப்பவை வெள்ளை சிமென்ட், சுண்ணாம்புக்கல் அல்லது டாலமைட் தூள், ஒட்டும் தன்மைக்குக் கொஞ்சம் பாலிமர். பொருள் எதுவானாலும் நிரப்புப் பட்டிக்கு ஒரு வரம்பு உண்டு: மெல்லியதாகப் பூசினால்தான் நிற்கும். சுவரில் இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் வெடிக்கும், அல்லது கழன்று வரும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கதவு, மட்கார்டு எல்லாவற்றிலும் சின்னக் காந்தம் ஒன்றை வைத்துப் பார்க்கிறார்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரத்துக்கு மேல் பட்டி தடித்திருக்கிறது, ஆகவே அங்கே அடி விழுந்திருக்கிறது என்று விலையைக் குறைக்கிறார்கள். ஆனால் அதைப்போலப் பல மடங்கு விலை கொடுத்து அடுக்குமாடி வீடு வாங்குகிறவர் சுவரை விரலால் தட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய கணக்கு எளிமையானது. மட்டமான சுவரில் ஒரு கிலோ பட்டி, இரண்டு கோட்டுக்கு, ஏறத்தாழ 15 சதுர அடிக்கு வரும். ஆயிரம் சதுர அடி வீட்டில் உள்சுவரும் மேல்தளமும் சேர்ந்து மூவாயிரத்து ஐந்நூறு சதுர அடி என்று வைத்துக்கொண்டால் 40 கிலோ மூட்டை ஆறு போதும். பத்து, பன்னிரண்டு மூட்டை இறங்குகிறது என்றால் அந்த மிச்சம் போய் உட்கார்ந்த இடம் பூச்சில் விட்ட பள்ளம்.

பள்ளம் ஏன் விழுகிறது? உள்சுவரில் பூச்சு 12 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதைத் தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் வைத்து இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து முடிக்க நேரம் பிடிக்கும். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசியபின் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. ஆற்று மணல் அரிதாகி, பூச்சுக்கென்று சலித்த பி-சாண்ட் வாங்க வேண்டிய இடத்தில் கட்டு வேலைக்கான எம்-சாண்டையே போட்டு இழுக்கும்போது சுவர் சொரசொரப்பாகிறது. கொத்தனாரும் மேஸ்திரியும் தயங்குவதில்லை. பட்டியில் சரியாகிவிடும் என்ற ஒரு வாக்கியம் போதுமானதாக இருக்கிறது. ஒரு கட்டத்தின் பிழையை அடுத்த கட்டத்தின் தலையில் கட்டும் வழக்கம் கட்டட வேலை முழுவதிலும் உண்டு என்றாலும், பட்டிக்கு அடுத்து வேறு கட்டம் இல்லை. அங்கே வந்து சேரும் பிழை அங்கேயே தேய்க்கப்பட்டாக வேண்டும்.

ஓதம் ஏறிய சுவரில் நடப்பது இதைவிட மோசம். அடித்தளத்திலிருந்தோ குளியலறைக் குழாய்க் கசிவிலிருந்தோ ஏறும் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே உப்பைச் சுமந்துகொண்டு மேற்பரப்புக்கு வருகிறது. நீர் ஆவியாகிறது, உப்பு படிகமாகி விரிகிறது, பட்டியும் பெயின்டும் பொருக்குப் பொருக்காக உரிகின்றன. இதற்கு மருந்து ஈரத்தின் வாயை அடைப்பது. நாம் செய்வதோ சிரங்கின் மேல் பவுடர் போடும் வேலை: உரிந்ததைச் சுரண்டு, மறுபடி பட்டி பார், மறுபடி பெயின்ட் அடி. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே இடம், அதே பொருக்கு. ஒவ்வொரு முறையும் சுரண்டலும் தேய்ப்பும் முதலிலிருந்து தொடங்குகின்றன.

பட்டி இல்லாவிட்டால் சுவர் பெயின்டைக் குடித்துவிடும், செலவு ஏறும் என்பது பெயின்டர்கள் சொல்லும் வாதம். அது உண்மைதான், மெல்லிய இரண்டு கோட்டுக்கு அது முழு நியாயம். தடித்த பட்டிக்கு அந்த நியாயம் ஒட்டாது, ஏனென்றால் பெயின்டில் மிச்சம் பிடித்த காசு மூட்டையிலும் தேய்ப்புக் கூலியிலும் போய்விடுகிறது. பட்டியே இல்லாமல் வழவழப்பு வராது என்பதற்கும் நம்மிடமே மறுப்பு நிற்கிறது. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளின் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தைக் கோட் கோட்டாகப் பூசி, கடைசி மெல்லிய பூச்சை ஈரம் இருக்கும்போதே கல்லால் இழைத்து எடுத்தவை. கடுக்காய் நீரும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் அதில் சேர்ந்தன என்பதை எல்லோரும் வியந்து எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த வழவழப்பு ஈரத்தில் பிறந்தது, காய்ந்தபின் தேய்த்துப் பெற்றதல்ல என்பதுதான். அதனால் தூசி எழும்பவில்லை. அந்தக் கைத்திறனும் காலமும் இன்று சாதாரண வீட்டுக்குக் கட்டுப்படியாகாது; எல்லோரும் அதற்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிமென்ட் பூச்சையும் ஈரத்திலேயே ஒழுங்காக இழுத்து முடிக்கலாம், முடித்தால் தேய்ப்பு பாதியாகும் என்றுதான் சொல்கிறேன்.

தேய்ப்பைப் பற்றி நம் வீட்டு அலங்காரப் பத்திகள் எதுவும் பேசுவதில்லை. பட்டி காய்ந்ததும் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி வட்டமாகத் தேய்க்கிறார்கள். மேல்தளத்தைத் தேய்க்கும்போது அண்ணாந்து பார்த்தபடியே வேலை நடப்பதால் கொட்டுவதெல்லாம் கண்ணிலும் மூக்கிலும்தான். அறை முழுக்க வெண்புகை நிற்கிறது. கனமான தூள் தரையில் விழுந்துவிடும். பத்து மைக்ரானுக்குக் குறைந்தது மூச்சுக்குழலில் இறங்கும்; நான்குக்கும் குறைந்தது நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போகும். முகத்தில் சுற்றிய துண்டு பெரிய தூளைத் தடுத்து, ஆபத்தான தூளை உள்ளே விடுகிறது. தூசி உறிஞ்சி இணைக்காத மின்தேய்ப்பான் வந்தபின் வேலை சீக்கிரம் முடிகிறது. அரை நாளில் எழும்ப வேண்டிய தூசி ஒரு மணி நேரத்தில் எழும்புகிறது.

பட்டி வெறும் சுண்ணாம்புக்கல் மாவுதானே, அதனால் என்ன கெடுதி என்று கேட்பார்கள். சுண்ணாம்புக்கல் தூள் மட்டும் என்றால் அது சிலிக்காவைப் போல நுரையீரலைத் தழும்பாக்காது என்பது சரியே. ஆனால் தேய்ப்பவர் தேய்ப்பது பட்டியை மட்டுமல்ல. பள்ளம் மேடான சுவரில் தாள் அடிக்கடி பூச்சு வரை போகிறது; பூச்சில் இருப்பது மணல், மணலில் இருப்பது குவார்ட்ஸ். வெள்ளை சிமென்டோ கடும் காரம்; ஈரத்தோடு சேர்ந்தால் கண்ணையும் தோலையும் அரிக்கும். பழைய வீடு என்றால் இன்னொன்றும் சேர்கிறது. வீட்டுப் பெயின்டில் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல்தான் வந்தது. அதற்கு முன் கதவிலும் சன்னல் கம்பியிலும் அடித்த எனாமலில் எவ்வளவு ஈயம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. பட்டி பிடிப்பதற்காக அதைச் சொரசொரப்பாகத் தேய்க்கும்போது அந்த ஈயம் தூசியாகி, அந்த வீட்டுக் குழந்தை தவழும் தரையில் படிகிறது. குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது.

நிரப்புப் பொருளை அப்பாவி என்று நம்பி ஏமாந்த நாடுகள் உண்டு. அமெரிக்காவில் சுவர் ஒட்டுப் பசையில் கல்நார் கலந்து விற்றார்கள். வீட்டில் தேய்த்தவர்கள் அதைச் சுவாசித்தார்கள். 1977-ல்தான் தடை வந்தது. பெயின்டர் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் பணிச்சூழல் என்று சர்வதேச ஆய்வாளர்கள் 1989-ல் முதல் வகையில் சேர்த்தார்கள். அதில் கரைப்பான்களுக்கும் நிறமிகளுக்கும் பங்குண்டு, பழி முழுவதும் தூசியுடையது அல்ல. ஆனாலும் நம் ஊரில் பெயின்டரின் இருமலைப் பீடியின் கணக்கில் எழுதிவிட்டுப் போகிறோமே, அந்தச் சோம்பல் என்னைக் கோபப்படுத்துகிறது. எவரும் அவர் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்வதில்லை.

மாஸ்க் கொடுத்தாலும் போட மாட்டேன் என்கிறார்கள் என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வது பொய்யல்ல. மேல்தளத்துக்கு அடியில், மின்விசிறி இல்லாத அறையில், சித்திரை வெயிலில் இறுக்கமான முகமூடியோடு எட்டு மணி நேரம் கை தூக்கி நிற்பது யாருக்கும் கஷ்டம். அதனால்தான் முகமூடியை முதல் தீர்வாக வைப்பது தவறு. தூசி எழும்பும் இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும். தேய்ப்பானோடு உறிஞ்சி இணைத்தால் பலகைச் சுவர் வேலையில் தூசி 80 முதல் 97 விழுக்காடு வரை குறைகிறது என்று 1999-லேயே அமெரிக்காவில் அளந்து காட்டிவிட்டார்கள். நம் சுவரிலும் அந்த இயந்திரம் ஓடும், இங்கே கடைகளிலும் கிடைக்கிறது. வாங்கப்படாததற்குக் காரணம், அதை வாங்கச் சொல்ல ஆளில்லாதது. 1996-ல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம், பத்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களையும், பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டு வேலையையும் வெளியே விட்டது. மூன்று நான்கு பேராக வந்து பட்டி பார்த்துப் போகும் குழு எந்த ஆய்வாளர் கண்ணிலும் படாது.

ஆகவே கேட்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான். எஸ்டிமேட்டில் பெயின்டின் நிறத்துக்கும் பிரைமருக்கும் தனி வரி இருக்கிறது. பூச்சு முடிந்ததும் இரண்டு மீட்டர் மட்டப்பலகை வைத்துச் சரிபார்ப்பதற்கு ஒரு வரி, உறிஞ்சியோடு கூடிய தேய்ப்பானின் வாடகைக்கு ஒரு வரி, பழைய எனாமலை நனைத்துத் தேய்ப்பதற்கான கூடுதல் கூலிக்கு ஒரு வரி என்று மூன்றைச் சேர்த்து எழுதச் சொன்னால் போதும். மட்டம் சரியில்லாத சுவரைப் பட்டி மூட்டை இறங்குவதற்கு முன்பே கொத்தனாரிடம் திருப்பி அனுப்பலாம். அந்த நாளில் அது அவருடைய வேலை, அவருடைய செலவு. பட்டி பூசியபின் அது யாருடைய பிழை என்று நிரூபிக்க முடியாது.